பதினான்காம் கட்டத்தில் எழுதிய பெயர்

போன வாரம் ஆசியாமாவையும் போக்குவாவையும் வங்கி வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இப்போது கதவு திறந்துவிட்டது. இருவரும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். புதன்கிழமை, காலை ஒன்பதே கால்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. போக்குவா ஆசியாமாவின் மனைவி, கொனாடு மகள். ஆசியாமா கானா நாட்டுக் குமாசிக்காரர். பத்தொன்பது வருஷமாக இந்தக் கபரோனி நகரத்தில் வேதியியல் வாத்தியார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவர் நாற்காலியில் இந்த நாட்டுக்காரர் ஒருவர் உட்காரப் போகிறார். பணிக்கொடை வந்துவிட்டது. தங்கும் அனுமதி ஆகஸ்டில் தீரும். அதற்குப் பிறகு கானாவுக்கா, வேறு நாட்டுக்கா என்பது அவருக்கே தெரியாது.

எங்கே போனாலும் பணம் கூடவே வர வேண்டும், வழியில் இளைத்துவிடக் கூடாது. அதுதான் கவலை. கானா நாணயமான சேடியாக மாற்றி ஊருக்கு அனுப்பியவர்களின் கதை இங்குள்ள கானாக்காரர்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு கட்ட அனுப்பிய பணம், ஆள் போய்ச் சேரும்போது கக்கூஸ் கட்டத்தான் காணும். ஆகவே டாலரில் வைப்பது என்று முடிவாயிற்று. எந்தக் கணக்கில் வைப்பது என்பதில் மூன்று வாரம் புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டார்கள்.

ஒரு வங்கியில் மாதக் கட்டணம் கிடையாது, வட்டியும் கிடையாது. குமாசி வங்கி ஒன்றில் வட்டி தாராளம். ஆனால் அவசரத்துக்குப் போய் நின்றால் டாலரைக் கையில் கொடுப்பார்களா என்று கேட்டால் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது இந்த வங்கி. பணம் எடுக்க முப்பத்திரண்டு நாள் முன்னாலேயே சொல்ல வேண்டும். தங்கும் அனுமதி தீர்ந்தாலும் கணக்கு சாகாது. இருபதாயிரம் டாலருக்கு மேல் போட்டால் வட்டி இரட்டிப்பு.

ஆசியாமாவிடம் பதினாலாயிரம் டாலருக்கான பணம் இருந்தது. போக்குவா தன் முடி பின்னும் கடையில் நின்று நின்று கால் நரம்பு புடைக்கச் சேர்த்தது ஏழாயிரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இருபதைத் தாண்டும். கணக்குப் போட்டுச் சொன்னவளே அவள்தான். ஒரே ஒரு சிக்கல், இந்தக் கணக்கை இரண்டு பேர் பெயரில் தரமாட்டார்கள். பரவாயில்லை, உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். சொல்லும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மா மொயில்வா, நல்ல பெண்மணி, படிவத்தை நீட்டினாள். மா என்றால் இந்த ஊரில் அம்மா, ரா என்றால் ஐயா. ஆசியாமா எழுத ஆரம்பித்தார்.

வரி எண்ணில் இரண்டு நிமிஷம் நின்றார். வீட்டு முகவரியில் மனை எண்ணை மறந்து போக்குவாவிடம் கேட்டார். அவள் சொன்னாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காம் கட்டம் நாமினி. அதில் மட்டும் பேனா எங்கும் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஆன்ட்வி. உறவு, அக்கா மகன்.

மனை எண்ணைச் சரியாக எழுதினாரா என்று பார்ப்பதுபோல் போக்குவா எட்டிப் பார்த்தாள். மனை எண் சரியாக இருந்தது. அவள் கண் இரண்டு அங்குலம் கீழே இறங்கி அங்கேயே நின்றது.

மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை மூடி, அதன் பொத்தானை அழுத்தினாள். டக்கென்று அது சத்தம் போட்டது.

"மா, என் பணத்தை இப்ப மாத்த வேணாம்" என்றாள் மா மொயில்வாவிடம். "ஒரு பேப்பரை மறந்துட்டு வந்துட்டேன்."

பத்தொன்பது வருஷத்தில் போக்குவா எந்த அலுவலகத்திலும் எந்தப் பேப்பரையும் மறந்ததில்லை. குடியேற்ற அலுவலகத்தில் மற்றவர்களுடைய பேப்பருக்கும் சேர்த்து நகல் எடுத்து வைத்திருப்பவள். ஆசியாமாவுக்கு அது தெரியும். காதுமடல் சுட்டது. கட்டத்தைக் கையால் மறைக்கப் போனார். மறைத்து என்ன பயன், படித்தாயிற்று.

மா மொயில்வா பாவம், தன் கவலையில் இருந்தாள். அம்மாவின் ஏழாயிரம் சேராவிட்டால் அந்த வட்டி கிடைக்காது, ரா, என்று எடுத்துச் சொன்னாள். போக்குவா சிரித்த முகத்தோடு எழுந்து, கடையில் ஆள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆசியாமா கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கொடுத்தார். அந்த நேரத்திலாவது கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. மா மொயில்வா என்ன நினைப்பாளோ என்று பட்டதாம். பெண்டாட்டி நினைப்பதைவிட வங்கிக்காரி நினைப்பது பெரிதாகப் போயிற்று மனிதருக்கு.

எங்களில் குடும்பம் என்றால் தாய்வழிதான். ஓர் ஆணின் சொத்து அவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். அவனுக்குப் பிறந்தவர்கள் அவன் பெண்டாட்டியின் குடும்பம். அப்பா பெயர் வைப்பார், சோறு போடுவார், பள்ளிக்கூடம் அனுப்புவார், உயிரையே வைத்திருப்பார். குடும்பம் மட்டும் வேறு. இப்போது சட்டம் மாறிவிட்டது, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். சட்டம் நீதிமன்றத்துக்கு வந்து சேருவதற்குள் பூட்டு கதவுக்கு வந்துவிடும்.

போக்குவாவுக்கு அந்தப் பூட்டைத் தெரியும். பதினாலு வயதில் அவள் அப்பா இறந்தார். மூன்றாம் நாள் அப்பாவின் அக்கா மகன் வந்து அறையைப் பூட்டினான். அறைக்குள் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. அம்மா தன் காசில் வாங்கிய மெஷின். ஆனால் இருந்தது அப்பாவின் அறையில். அம்மா ஆறு மாதம் நடந்தாள், மெஷின் வரவில்லை. இதைக் கல்யாணமான முதல் மாதமே அவள் ஆசியாமாவிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டில் அப்படி நடக்காது என்று சொல்லியிருக்கிறார்.

வங்கியிலிருந்து ஆசியாமா பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆய்வகச் சாமான்களை ஒப்படைக்க உட்கார்ந்தார். குடுவைகளை எண்ணினார், எண்ணிக்கை தப்பிப்போயிற்று, மறுபடி எண்ணினார். பழக்கதோஷம், கை எழுதிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னால் நம்பும்படியாக இருக்குமா என்று ஒரு தரம் முணுமுணுத்தும் பார்த்தார். ஓரளவு நம்பும்படியாகத்தான் இருந்தது.

அப்போது போன் அடித்தது. பாஃபோ. எங்கள் கானாக்காரர் சங்கத்தின் பொருளாளர், வாய் கொள்ளாச் சிரிப்புக்காரர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆசியாமா எங்கள் சங்கத்தில் டாலர் பேராசிரியர். எந்தக் கணக்கு, என்ன கட்டணம், எந்த நாணயத்தில் எவ்வளவு என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். போன ஈஸ்டர் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார். கடைசியில் குரலை இறக்கி, நண்பர்களே, நாமினி கட்டத்தில் மட்டும் உங்கள் மனைவி பெயரை எழுதுங்கள், ஊரில் நம் அம்மாக்கள் பட்டது போதும் என்று முடித்தார். பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். போக்குவா தட்டவில்லை, பொரித்த வாழைப்பழத் தட்டு கையில் இருந்தது. முகம் மட்டும் மினுங்கியது. நான் பார்த்தேன்.

பாஃபோ அதற்குத்தான் நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார். நேற்று அவரும் ஒரு டாலர் கணக்கு திறந்தாராம். அக்கா மகன் பெயரை எழுதப் போன கை, ஆசியாமா பேசியது ஞாபகம் வந்து நின்றுவிட்டதாம். பெண்டாட்டி பெயரை எழுதினாராம். வீட்டில் ராத்திரி கோழிக் குழம்பாம்.

"நீங்க சொன்னதுதான் வாத்தியாரே. நீங்க மட்டும் அன்னிக்குப் பேசலேன்னா நான் பழைய புத்தியிலயே எழுதியிருப்பேன்."

ஆசியாமா ஏதோ சொல்லி வைத்தார். போனை வைத்த பிறகு ஆய்வகத்தின் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு குழாயைத் திறந்தார், மூடினார். 

கை எழுதிவிட்டது என்ற கதையை அதற்குமேல் அவராலேயே நம்ப முடியவில்லை. ஏனென்றால் அது கை இல்லை. நேற்றே முடிவு செய்தது. ஊரிலிருந்து நியார்கோ அக்கா பேசினாள். புதன்கிழமை அவுக்குடாய், முன்னோருக்குப் படைக்கும் நாள், குடும்பத் தலைவர் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள் என்றாள். மறைந்த மாமா போவாடுவை ஞாபகப்படுத்தினாள். அந்த மாமாதான் கோக்கோ தோட்டத்தில் பாதியை விற்று ஆசியாமாவை வாத்தியார் ஆக்கியவர். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். தன் பிள்ளைகளை விட்டுவிட்டு அக்கா மகனைப் படிக்க வைத்தார். நீ ஆன்ட்விக்கு என்ன செய்யப் போகிறாய் தம்பி என்று அக்கா கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நாளைக்குக் கணக்கு திறக்கிறேன், அதில் அவன் பெயரைப் போடுகிறேன் என்று ஆசியாமா சொன்னார். அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போக்குவாவுடையது என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. போக்குவாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுக்கப் பார்த்தார்.

மத்தியானம் கடைக்குப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நீல நிறத் தகரக் கூடம், போக்குவாவின் கடை. உள்ளே இரண்டு பெண்கள் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். போக்குவாவின் விரல்கள் அதே வேகத்தில் பின்னிக்கொண்டிருந்தன. அவரைப் பார்த்ததும், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். வழக்கமாகக் கேட்பதுதான்.

வெளியே வருகிறாயா என்றார். தலை பாதியில் நிற்கிறது, ஆள் தலையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது என்றாள். எதுவானாலும் இங்கேயே சொல்லலாம், இவர்களுக்கு நம் பாஷை தெரியாது.

சொன்னார். பழக்கம், சின்ன வயதிலிருந்து பார்த்தது, கை தானாக எழுதிவிட்டது. பொய் என்று தெரிந்தே ஒரு பாடம் மாதிரி ஒப்பித்தார்.

போக்குவா முடியைப் பின்னிக்கொண்டே கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நேத்து உங்க அக்காகிட்டப் பேசினதும் கைதானா, கொனாடு அப்பா? நான் பக்கத்து ரூம்ல துணி மடிச்சிட்டிருந்தேன்."

அவர் காலியாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். முன்னால் பெரிய கண்ணாடி. அதில் தன் முகம் தெரிந்தது, பார்வையைத் தரைக்கு மாற்றிக்கொண்டார். தரையில் வெட்டிப் போட்ட முடி கிடந்தது.

"அப்படின்னா காலையில ஏன் பேங்குக்கு வந்தே?"

"சொன்னபடி செய்வீங்களான்னு பார்க்க வந்தேன். அக்காகிட்டச் சும்மா சொல்லியிருப்பீங்க, பேனாவைக் கையில எடுத்ததும் என் பக்கம் ஒரு தரம் திரும்புவீங்கன்னு நினைச்சேன். பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்? மனை நம்பர் கேக்க மட்டும் திரும்பினீங்க."

வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி கண்ணாடி வழியே இருவரையும் பார்த்தாள். பாஷை தெரிந்துதானா எல்லாம் புரிய வேண்டும்?

போக்குவா ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கினார். அதில் ஒரு நீளமான எண், அவள் கையெழுத்தில்.

"ஆன்ட்வியோட அடையாள அட்டை நம்பர். அந்தக் கட்டத்துல அதை எழுதாம விட்டுட்டீங்க. நம்பர் இல்லாட்டி பேங்க்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அவனுக்கு போன் பண்ணி வாங்கி வச்சேன்."

இதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி, அது ஒரு சண்டையாகி, சண்டையில் வெட்கம் கொஞ்சம் கரைந்திருக்கும். அவள் அப்படி எந்த வசதியும் செய்து கொடுக்கவில்லை. எந்தப் பேப்பரும் விட்டுப்போகக் கூடாது என்று பத்தொன்பது வருஷமாக அவருக்குச் செய்துவந்ததையே இன்றைக்கும் செய்திருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். இங்கே வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

வங்கி மூன்றரைக்கு மூடும். இரண்டே முக்காலுக்கு மூச்சிரைக்க உள்ளே போய் நின்றார். மா மொயில்வா மேஜையில்தான் இருந்தாள். படிவத்தைத் திருத்த வேண்டும் என்றார். திருத்தினால் பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட வேண்டும், ரா, என்றாள். ஆன்ட்வி பெயரின் மேல் கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை. மேலே போக்குவா, மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் மூச்சு வந்தது. இதைக் கொண்டுபோய்க் காட்டலாம், நகல் ஒன்று கேட்கலாம் என்று அதற்குள் மனம் திட்டம் போட ஆரம்பித்துவிட்டது.

"நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க" என்றாள் மா மொயில்வா. "உங்களுக்கு போன் பண்ணலாம்னு இருந்தேன். அம்மாவோட ஃபாரத்துல உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

எந்தப் படிவம் என்று கேட்டார்.

போக்குவா பதினோரு மணிக்குத் திரும்பி வந்திருக்கிறாள், மகள் கொனாடுவையும் கூட்டிக்கொண்டு. கொனாடுவுக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. ஏழாயிரத்துக்குத் தனியாக ஒரு டாலர் கணக்கு திறந்திருக்கிறாள். சாதாரணக் கணக்கு. முப்பத்திரண்டு நாள் காத்திருப்பு இல்லை, வட்டியும் ஏறக்குறைய இல்லை. மூன்று வாரம் கணக்குப் போட்டு அவளே வேண்டாமென்று ஒதுக்கிய கணக்கு. அவள் இங்கே தங்கியிருப்பது கணவனின் அனுமதியைச் சார்ந்து என்பதால், அனுமதி தன்னுடையதுதான் என்று ஆசியாமா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

படிவம் முன்னால் வந்தது. போக்குவாவின் உருண்டையான கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது. பதினான்காம் கட்டம். நாமினி, கொனாடு. அதற்கு எதிரில் உறவு என்ற இடத்தில் மகள் என்று இல்லை. என் குடும்பம் என்று இருந்தது.

மா மொயில்வா அதைச் சுட்டிக்காட்டினாள். மகள் என்று எழுதுங்கள் என்று தான் சொல்லியும் அம்மா கேட்கவில்லையாம். இப்படியே இருக்கட்டும், எங்கள் ஊரில் இதுதான் சரியான வார்த்தை என்றாளாம். பக்கத்திலிருந்த மகள்தான் அதைப் படித்துவிட்டு, அப்பா எந்தக் குடும்பம் என்று கேட்டாளாம்.

"உங்க ஊர்ல நெஜமாவே அப்படியா, ரா? அப்பா வேற குடும்பமா?"

ஆமாம் என்றார் ஆசியாமா. வேறு என்ன சொல்வது? போக்குவா எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. காலையில் அவர் எந்த வழக்கப்படி எழுதினாரோ அதே வழக்கப்படிதான் அவளும் எழுதியிருந்தாள். அவர் கோடு போட்டு அடித்த பெயர் ஒரு பக்கம், அவள் அடிக்காமல் எழுதிய பெயர் ஒரு பக்கம். அந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் சோறு தின்றவருக்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. இடத்தைக் காலி செய்தது வேறு யாருமல்ல. கையெழுத்துப் போட்டார். மா மொயில்வா முத்திரையைத் தேடினாள். நகல் கேட்க நினைத்ததை மறந்தே போனார்.

வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு மணி. போக்குவா கீரைக் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். கொனாடு மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு. அவர் எண்ணிப் பார்த்தார். மூன்றாவது தனக்குத்தான் என்று ஆறுதல்பட்டார், அதற்காகவும் வெட்கப்பட்டார். கொனாடு, வாங்க அப்பா என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் பாக்கெட்டிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பெயரை மாற்றிவிட்டேன் என்றார். போக்குவா கரண்டியை நிறுத்தவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

புரியவில்லை அவருக்கு. அவளே சொன்னாள். ஆன்ட்விக்குக் கொடுத்ததை அக்கா வழியாக ஊருக்கே சொன்னீர்கள், எடுத்ததை என்னிடம் மட்டும் வந்து சொல்கிறீர்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், அவர்கள் காதில் இருப்பது எந்தப் பெயர்? வங்கிப் படிவத்தையா எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரியவர்கள் முன்னால் நான் நிற்பேன்? என் அம்மா நின்றது போதாதா?

அதற்குள் போன் அடித்தது. நியார்கோ அக்கா. கபரோனியில் ஆறு என்றால் குமாசியில் நாலு. அவுக்குடாய்க் கூட்டம் முடிந்திருக்கும் நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே போய்ப் பேசலாம் என்று அவர் எழுந்தார்.

"உட்காருங்க" என்றாள் போக்குவா. "ஸ்பீக்கர்ல போடுங்க. மகளும் கேக்கட்டும்."

போட்டார். அக்காவின் குரலுக்குப் பின்னால் பெரிய சத்தம், பேச்சு, சிரிப்பு. குடும்பத் தலைவர் வீட்டு முற்றத்தில்தான் இருக்கிறாள், அவளும் ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறாள். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் தம்பி, என்றாள். மாமா போவாடு பெயரைச் சொல்லி முன்னோருக்கு மது வார்த்தார்களாம். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெரியவரே சொன்னாராம். அழுதுகொண்டே சொன்னாள். இதோ ஆன்ட்வி, பேசு என்றாள்.

ஆன்ட்வி நல்ல பையன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

"மாமா, வணக்கம். அத்தை காலையில போன் பண்ணி நம்பர் கேட்டாங்க. முதல்ல குடுக்கத் தோணல. அத்தையும் உழைச்ச பணமாச்சே. அவங்களே கேக்கறாங்களேன்னுதான் குடுத்தேன். அத்தைக்குச் சம்மதம்தானே, மாமா?"

முற்றத்துச் சத்தம் அடங்கியிருந்தது. இத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அந்த அமைதியிலிருந்தே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா சந்தோஷப்படுவாள், பெரியவர் ஆசீர்வதிப்பார், வங்கியில் மாற்றியது வங்கியோடு இருக்கும். நேற்றிலிருந்து அவர் எடுக்கப் பார்த்த நல்ல பெயர் இரண்டும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன.

போக்குவா அவரைப் பார்க்கவில்லை. கொனாடு பார்த்தாள். தட்டுத் துடைக்கும் துணி அவள் கையில் அப்படியே இருந்தது.

ஆசியாமா போனுக்கு முன்னால் குனிந்தார். இருமிக்கொண்டார்.

"சம்மதமான்னு நான் அவளைக் கேக்கவே இல்ல, ஆன்ட்வி. அந்தப் பணத்துல அவளோடதும் இருந்துச்சு. அதை உங்க அம்மாகிட்ட நான் சொல்லவும் இல்ல. பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டே உன் பேரை எழுதினேன். மத்தியானம் போய் அடிச்சிட்டு அவ பேரை எழுதிட்டேன். எல்லாரும் கேக்கறாங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். அக்கா, தம்பி, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு குடும்பத் தலைவரான அந்தப் பெரியவரின் குரல், அவசரமே இல்லாமல் கேட்டது.

"போனை இப்படிக் குடும்மா. அவன் பெண்டாட்டி அங்க இருக்காளா? நான் அவகிட்டப் பேசணும்."

ஆசியாமா நிமிர்ந்து பார்த்தார். போக்குவா அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நாற்காலி ஒன்றை இழுத்து, அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.